மீ.பெ.கா.வும் எச்.சி.எஃப்.பும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக் கொலுசுப் பட்டறை. மகளுக்கு வயது 12, ஏழாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். மகனுக்கு 5. ஏற்காடு அடிவாரத்துக்கு அருகே உள்ள ஒரு பன்னாட்டுப் பள்ளியில் இருவரையும் சேர்க்க ஜனவரியில் விண்ணப்பம் வாங்கினேன். கட்டணத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுதினால் என் தம்பி படித்துவிடுவான்.

காகிதங்களில் ஒரே சிக்கல்தான். மகளின் பிறப்புச் சான்றிதழில் இல்லாத ஓர் எச் எழுத்து, ஆதாரில் பெயர் நடுவே உட்கார்ந்திருந்தது. அதை எடுக்க மூன்று நடை.

சேர்க்கைத் தேர்வில் சின்னவன் ஊமைபோல் நிற்பான் என்றுதான் பயந்தோம். ஆசிரியை மரக்கட்டைகளைக் கொடுத்தார். கதை சொல்லிக்கொண்டே அடுக்கினான், எல்லாம் தமிழில். "போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். இடறியது பெரியவளுக்குத்தான். கணக்குத் தாளைப் பாதிக்கு மேல் வெறுமையாகக் கொடுத்திருந்தாள். 24, 36 இரண்டுக்கும் எச்.சி.எஃப். கேட்டிருந்தார்கள், அதுகூட எழுதவில்லை. எனக்கும் அது என்னவென்று தெரியாது, தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். தமிழாசிரியையை அழைத்தார்கள். அவர், "இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கிற பெரிய எண் எதம்மா?" என்றார்.

"மீ.பெ.கா.வா மிஸ்? பன்னிரண்டு."

அதன்பின் மீதிக் கேள்விகளையும் தமிழில் கேட்டார்கள். இரண்டைத் தவிர எல்லாம் சொன்னாள்.

பள்ளிக்குத் தயார் செய்வதாக நினைத்து, மூன்று மாதமாக வீட்டில் தமிழ் பேசக் கூடாதென்று சட்டம் போட்டிருந்தேன். விளைவு, சாப்பிடும்போது யாரும் வாயே திறப்பதில்லை. கொஞ்சம் பெருமையாகவே இதை அங்கே சொன்னேன். தமிழாசிரியை சிரிக்கவில்லை. "இன்றோடு நிறுத்துங்கள். கணக்கு அவளுக்குத் தெரியும். தெரியாதது அதன் ஆங்கிலப் பெயர். தெரிந்த விஷயத்துக்குப் புதுப் பெயர் மாட்டுவது சுலபம். தமிழையும் பிடுங்கிவிட்டால் எதில் மாட்டுவது?" என்றார். விளையாட்டுத் திடல் ஆங்கிலம் ஓரிரு ஆண்டில் வரும், பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம் என்றும் சொன்னார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். 17 வயது, இல்லை 19. வயிறு கலங்கியது.

அங்கே ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலோரியேட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம். மூன்று வயதிலிருந்து 12 வரை ஒரு கட்டம், 16 வரை அடுத்தது, அதற்குமேல் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. தமிழ் கடைசிவரை இருக்குமா என்று கேட்டேன். இருக்கலாமாம். பட்டயப் படிப்பில் தமிழுக்கென்று ஆசிரியர் இல்லாவிட்டாலும், பள்ளியின் மேற்பார்வையில் மாணவரே தமிழ் இலக்கியம் படித்துத் தேர்வெழுத வழி உண்டு. ஆங்கிலம், தமிழ் இரண்டையும் இலக்கியம் படிக்கிற முதல்மொழிப் பாடமாகவே எடுத்து, ஏழுக்குக் குறைந்தது மூன்று மதிப்பு இரண்டிலும் பெற்றால் இருமொழிப் பட்டயம் தருகிறார்கள். விளம்பரத் தாளில் ஒரு வரி இல்லை இதைப் பற்றி. நீச்சல் குளத்துக்கு மட்டும் முழுப் பக்கம்.

வகுப்பைக் குறைக்காமல், ஆங்கிலத்துக்குத் தனி வகுப்பு வைத்து எட்டாவதில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு நோட்டின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ஒளிச்சேர்க்கை, வலப்பக்கம் போட்டோசிந்தசிஸ் என்று எழுதி வருகிறாள். இரவுச் சாப்பாட்டில் மறுபடி சண்டை, சத்தம், எல்லாம் தமிழில்.

போன வாரம் அடையாள அட்டை வந்தது. அந்த எச் அதில் இருக்கிறது.