பியானோவில் கார்மென்

பாடி நடிக்கும் இசைநாடகமான ஓபராவின் ரசிகர்களிடம் ‘கார்மென்’ என்ற ஓபராவின் பெயரைச் சொன்னால், உடனே அவர்கள் நினைவுக்கு வருவது ஒரு பாடகியின் குரல்தான். ஆனால் அந்த இசையின் கட்டுமானம் எவ்வளவு நுட்பமானது என்பது, குரல் விலகிப் பியானோ மட்டும் எஞ்சும்போதுதான் எனக்குப் புலப்பட்டது. அதை இயற்றிய ஜார்ஜ் பிசே தேர்ந்த பியானோ கலைஞர். பிறருடைய ஓபராக்களைப் பதிப்பாளர்களுக்காகப் பியானோவுக்கு மாற்றி எழுதிக் கொடுப்பதும் அவருடைய பிழைப்பாக இருந்தது. ஒலிப்பதிவு இல்லாத அந்நாளில், அரங்கில் கேட்ட இசை வீடுகளுக்குள் நுழைந்தது இத்தகைய பிரதிகளின் வழியாகத்தான். கார்மெனைப் பாடகர்கள் பியானோவுடன் பாடிப் பயிலுவதற்கான பிரதியையும் பிசேவே தயாரித்தார். 1875 மார்ச் 3 அன்று பாரிஸில் அரங்கேறிய அந்த ஓபரா உலகப் புகழ் பெறுவதைக் காணாமலே, மூன்று மாதங்களில், 36 வயதில் அவர் மறைந்தார்.

முதல் அங்கத்தில் கதாநாயகி கார்மென் பாடும் ஹபனேராவை, அதாவது கியூப நடனத் தாளத்தில் அமைந்த பாடலை, எடுத்துக்கொள்வோம். இசைக்குழுவில் செல்லோக்கள் என்னும் தாழ்சுருதித் தந்தி வாத்தியங்கள் வாசிக்கும் டி, ஏ, எஃப், ஏ என்ற நான்கு சுரங்கள் பியானோவில் இடக்கைக்கு வந்து, சிறு மாற்றங்களுடன் பாடல் நெடுகிலும் சுழன்றுகொண்டே இருக்கின்றன. அதன்மேல் மெட்டு அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழிறங்குகிறது. பாடகி ஒரே மூச்சில் இழைத்து இறங்கிவிடுவாள். பியானோவிலோ கட்டையை அழுத்திய கணமே ஒலி தேயத் தொடங்குவதால், முந்தைய சுரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அடுத்ததை மென்மையாகத் தொட்டால்தான் இழை அறாது. ஒலியை நீட்டிக்கும் பெடலைச் சற்று அதிகமாக மிதித்தாலும் அருகருகே உள்ள சுரங்கள் கலந்து மங்கிவிடும்.

இரண்டாம் அங்கத்து ஜிப்சிப் பாடலை வைத்துப் பியானோ கலைஞர் ஹோரோவிட்ஸ் அமைத்த மாறுபாடுகள், அதாவது ஒரே மெட்டைப் பலவிதமாக மாற்றி வாசிக்கும் வடிவங்கள், பிரமிக்க வைப்பவை. பல பத்தாண்டுகளாக அவற்றை அவர் திருத்தி வாசித்துவந்தார். ஆயினும் அங்கே நம் கவனம் கார்மெனை விட்டு வாசிப்பவரின் விரல்களுக்குப் போய்விடுகிறது.

இத்தாலிய இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான புசோனி 1920இல் கார்மென் மெட்டுகளை வைத்து எழுதிய ஆறாவது சொனாட்டினாவையே (சிறு பியானோ படைப்பு) நான் உயர்வாகக் கருதுகிறேன். நான்காம் அங்கத்துச் சந்தை இரைச்சலில் தொடங்கி, கார்மெனின் காதலன் டான் ஹோசேயின் மலர்ப் பாடல், ஹபனேரா, முன்னிசையின் ஆரவாரம் என்று நகரும் இப்படைப்பு, கார்மெனின் சாவை முன்னறிவிக்கும் விதியின் மெட்டில் வந்து முடிகிறது. ஓபராவின் இறுதியில் முழு இசைக்குழுவும் உரக்க முழங்கும் அதே மெட்டு, இங்கே மிகத் தாழ்ந்த ஒலியில் வருகிறது. ஆகவே, புதிதாகக் கேட்பவர்கள் ஓபராவின் நான்காம் அங்கத்தை முழுமையாகக் கேட்ட பிறகு புசோனியிடம் வருவதே நல்லது. அவர் எதை அடக்கிச் சொல்கிறார் என்பது அப்போதுதான் செவிக்கு எட்டும்.