கரும்பலகையோடு ஒரு படுக்கையறை

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 1915-இல் திறக்கப்பட்டு 1975-இல் மூடப்பட்ட கென்னடி தொடக்கப்பள்ளி, இடிபடவிருந்த நிலையில் அக்கம்பக்கத்தாரும் முன்னாள் மாணவர்களும் விடாது போராடியதால் தப்பி, 1997-இல் தங்கும் விடுதியாக மறுபிறவி எடுத்தது. பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பவர்கள் பலரும் முகப்பை மட்டும் விட்டுவைத்து உள்ளே எல்லாவற்றையும் பெயர்த்துவிடுவார்கள். இங்கோ வகுப்பறையே படுக்கையறையாகியும் சுவரின் கரும்பலகை அப்படியே இருக்கிறது, விருந்தினர் விரும்பினால் சாக்பீஸால் கிறுக்கலாம். பள்ளியின் கலையரங்கம் சோபாக்கள் போட்ட திரையரங்கமாகி, அறை எடுக்காத உள்ளூர்க்காரர்களுக்கும் திறந்திருப்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. சிறுமியர் கழிப்பறை இருந்த இடத்தில் பீர் வடிக்கிறார்கள் என்பது முதலில் சற்று நெருடினாலும், தண்ணீர்க் குழாயும் வடிகாலும் வேண்டிய தொழிலுக்கு அது பொருத்தமான இடம்தான்.