எத்தனை மணிக்கு, எவ்வளவு

மருத்துவக் கஞ்சா என்றதும் வேண்டுமா வேண்டாமா என்றுதான் பேச்சு கிளம்புகிறது. கட்டிலருகே நிற்கும் செவிலியருக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: எது, எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை மணிக்கு உள்ளே போனது?

புகையாகவோ ஆவியாகவோ இழுத்தால் சில நிமிடங்களில் வேலை தெரியும். விழுங்கினால் அரை மணியிலிருந்து 2 மணி நேரம் வரை ஆகும். தப்பு நடப்பது இந்த இடைவெளியில்தான். முக்கால் மணி ஆகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று நோயாளி இன்னொன்றைப் போட்டுக்கொள்வார். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும்: படபடப்பு, பயம், எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல். வயதானவர் என்றால் இரவில் கழிவறைக்குத் தனியாக எழ விடக் கூடாது.

வலிப்புக்குத் தரும் கன்னாபிடியால் (கஞ்சாச் செடியில் உள்ள ஒரு வேதிப்பொருள்) கரைசலில் கவலை வேறு. 2018-இல் அமெரிக்காவில் டிராவெட், லெனாக்ஸ்-காஸ்டாட் என்ற கடுமையான வலிப்பு நோய்களுக்கு அனுமதி பெற்ற எபிடியோலெக்ஸ் என்ற கரைசலில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கிறது. தொடக்க அளவு கிலோவுக்கு 2.5 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை. 20 கிலோ குழந்தைக்கு வேளைக்கு 50 மி.கி., அதாவது வெறும் 0.5 மி.லி. புள்ளியைக் கவனிக்காமல் 5 மி.லி. இழுத்தால் பத்து மடங்கு! அதனால் மி.கி., மி.லி. இரண்டையும் எழுதி, சிரிஞ்சில் அந்தக் கோட்டைத் தாயிடம் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். சிரிஞ்சு நன்றாகக் காய்ந்திருக்கட்டும். எண்ணெய் மருந்து, உள்ளே ஈரம் இருந்தால் கலங்கிவிடும்.

சாப்பாட்டையும் கேட்க வேண்டும். கொழுப்பு மிகுந்த உணவோடு கொடுத்தால் இரத்தத்தில் சேரும் மருந்து நாலைந்து மடங்கு கூடும். ஒரு நாள் வெறும் வயிறு, மறுநாள் நெய்ச்சோறு என்று மாற்றிக் கொடுத்துவிட்டு, மருந்து சரியில்லை என்பதில் அர்த்தமில்லை. குளோபசாம் என்ற வலிப்பு மருந்தும் சேர்ந்தால் தூக்கம் அதிகமாகும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து கூட இருந்தால் கல்லீரல் நொதிகள் ஏறலாம். ஆகவே தொடங்கும் முன்பும் 1, 3, 6 மாதங்களிலும் இரத்தப் பரிசோதனை.

கஞ்சாவைச் சொந்தமாக வாங்கி எடுப்பவர்களை நினைத்தால்தான் செவிலியர்களான எங்களுக்கு அதிகக் கவலை. ‘வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்றால் இல்லை என்பார்கள். அவர்கள் கணக்கில் அது மருந்தே அல்ல. எண்ணெயா, மிட்டாயா, புகையா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், அதட்டாமல். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் மறைத்தால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவீடு) ஏறி இரத்தக்கசிவில் முடியலாம். அறுவை சிகிச்சைக்கு முன் மறைத்தால் மயக்க மருந்தின் கணக்கு தவறும்.

இன்னொன்று. நாள்பட்ட பயன்பாட்டில் சிலருக்கு ஓயாத வாந்தி வரும், வழக்கமான வாந்தி மருந்துகளுக்கு அடங்காது. வெந்நீரில் நின்றால்தான் குறைகிறது என்று நோயாளி சொன்னால், அந்த வார்த்தையை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதி மருத்துவரிடம் சொல்லுங்கள். கஞ்சாவை நிறுத்தினால்தான் அந்த வாந்தி நிற்கும்.