அவுட்பில்டிங்கில் குடியேறுமுன் எர்த் இருக்கிறதா என்று கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வரும் நம்மவர்களில் பலருக்கு முதல் வீடு அவுட்பில்டிங்தான். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் எங்கே போனாலும் பெரிய வீட்டின் பின்னால் ஓரிரு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பார்கள். நானும் மனைவியும் சாட்ஸ்வொர்த்தில் அப்படி ஒன்றில்தான் இருக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் தண்ணீர், பஸ், மளிகைக்கடை எல்லாம் விசாரிக்கிறார்கள். ஷாக்கிலிருந்து காக்கிற மூன்றாவது கம்பியான எர்த்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஊரில் கீசருக்கும் ஏசிக்கும் வைக்கிற, உருண்டைப் பின்கள் மூன்று உள்ள பெரிய 16 ஆம்பியர் பிளக்தான் இங்கே வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு. நம் மிக்ஸியின் சிறிய பிளக் அதில் சேராது. இரண்டு பின் மட்டும் பிடிக்கிற அடாப்டரை வாங்கிச் செருகினால் மிக்ஸி ஓடும், எர்த் போய்விடும். பிளக்கையே மாற்றிவிடுவதுதான் சரி.

எங்கள் அறையில் ஃப்ரிட்ஜ் கதவை வெறுங்காலோடு தொட்டால் சுர்ரென்றது. வீட்டுக்கார ஆன்ட்டியிடம் சொன்னேன். தமிழ் அவருக்குக் கொஞ்சம்தான் வரும், ஆனால் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். உடனே லைசென்ஸ் உள்ள ஓர் எலெக்ட்ரீஷியன் அங்கிளை வரவழைத்தார்.

பெரிய வீட்டிலிருந்து வந்த கேபிளில் இரண்டே கம்பிகள்: லைவ், நியூட்ரல். சமையல் பக்கத்து பிளக் பாயிண்டில் எர்த் துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. படுக்கை அருகே இருந்தது இன்னும் மோசம். நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எர்த்துக்கு முறுக்கி விட்டிருந்தார்கள். மூன்று விளக்கு உள்ள சின்ன டெஸ்டரைச் செருகினால் எல்லாம் சரி என்றே காட்டும். ஆனால் நியூட்ரல் எங்காவது அறுந்தால், அதில் செருகி ஓடுகிற சாமானின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.

"வெளியே மண்ணில் ஒரு ராடு அடித்துவிட்டால் போதாதா, அங்கிள்?" என்று கேட்டேன். ஊரில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். மண்ணின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால்கூட 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர்தான் ஓடும். 20 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. மெஷினின் உடம்பு லைவாகவே நிற்கும். கசிந்த மின்சாரம் தடையில்லாமல் சப்ளைக்கே திரும்ப ஒரு செம்புக் கம்பி வேண்டும். அப்போதுதான் பிரேக்கர் சட்டென்று விழும்.

பழைய கேபிளை எடுத்துவிட்டு, எர்த்தும் சேர்ந்த, இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிளைப் புதைத்தார். எங்கள் அறைக்கெனத் தனி டிபி, அதாவது பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி; அதில் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும் எர்த் லீக்கேஜ் கருவி. பிளக் பாயிண்டுகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 20 ஆம்பியர் பிரேக்கரும், விளக்குகளுக்கு 1.5-உம் 10 ஆம்பியரும். நிறம் ஊர்ப்பழக்கம் போலவே: லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு. எர்த் மட்டும் பச்சை-மஞ்சள். இந்தச் சின்ன டிபிக்குள் நியூட்ரல் பட்டையும் எர்த் பட்டையும் ஒன்றையொன்று தொடவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இந்த எர்த் லீக்கேஜ் கருவியின் வரலாற்றில் தென்னாப்பிரிக்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1950-களில் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் இங்கே உருவாக்கியது எத்தனையோ வீடுகளுக்குக் காவலானது. அதற்காக அதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கருவி வேலை செய்கிறதா என்றுதான் தெரியும். சுவரில் எர்த் கம்பி இருக்கிறதா என்று தெரியாது. பல வீடுகளில் கீசர் இந்தக் கருவிக்கு வெளியே இருக்கும். அங்கே அந்த எர்த் கம்பிதான் உயிர்.

கேட்கத் தயங்காதீர்கள். 2009-ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகள்படி, வாடகைக்கு விடுபவரிடமோ பயன்படுத்துபவரிடமோ வயரிங் விதிப்படி இருக்கிறது என்று காட்டும், செல்லுபடியாகும் சிஓசி சான்றிதழ் இருக்க வேண்டும். அறையைப் பார்க்கப் போகும்போதே, "ஆன்ட்டி, அவுட்பில்டிங்குக்கும் சேர்த்து சிஓசி இருக்கிறதா?" என்று பணிவாகக் கேட்கலாம். பெரிய வீட்டுக்கு எடுத்த பழைய சான்றிதழுக்குப் பின் கட்டிய அறை அதில் சேராது. எங்கள் ஆன்ட்டிக்குச் செலவு கஷ்டம்தான், ஆனாலும் முகம் சுளிக்கவில்லை. இப்போது தன் குளியலறைக் கீசரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்; அங்கிள் சனிக்கிழமை வருகிறார்.