அடித்துவிட்ட 12.6

“சார், நிக்கல் உள்ளே 10, வெளியே 12.6 வருது.”

தண்ணீரிலிருந்து உலோகத்தை நீக்கும் குழாய்ச் சோதனையில் அளவெடுத்தவர் சொன்னது இவ்வளவுதான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “போறதைவிட வர்றது எப்படிம்மா கூடும்? நீர்த்ததுல ஏதோ தப்பு, திரும்பப் பாருங்க” என்றேன். புதிதாக நீர்த்து, ஸ்டாண்டர்டுகளையும் (செறிவு முன்பே தெரிந்த கரைசல்கள்) இன்னொரு முறை ஓட்டிவிட்டு வந்தார். 12.5. அப்போது நான் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது: “சரி, அந்தப் புள்ளியை விட்டுடுங்க.” அடுத்த நான்கு சாம்பிள்களும் 10-க்கு மேலேதான். அவற்றையும் விட்டோம்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. குழாயில் இருந்தது உலோகத்தைத் தன்மேல் ஒட்டவைக்கும் உறிஞ்சி, அதற்கான கார்பாக்சில் தொகுதி ஏற்றியது. தண்ணீரில் செம்பும் நிக்கலும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம். உறிஞ்சி உலோகத்தை உண்டாக்காது. முந்தின வாரம்தான் கரைசலை அளந்தெடுக்கும் ஒரு பைப்பெட் எங்களை ஏமாற்றியிருந்தது. ஆனால் ஸ்டாண்டர்டுகள் சரியாக வந்த அதே பைப்பெட், சாம்பிளில் மட்டும் ஐந்து தடவையும் மேல் பக்கமாகவே பிசகுமா? அதைக் கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.

அறிக்கைக்குக் கிராஃப் போடும்போதுதான் பட்டது. நிக்கல் கோடு ஏறி 10-ஐத் தொடுகிறது, அப்புறம் ஒரு வெற்றிடம், பிறகு மறுபடி 10. அந்த வெற்றிடம் முடிகிற இடத்தில்தான் செம்பு வெளியே தலைகாட்டுகிறது.

உறிஞ்சியில் இடம் கொஞ்சம்தான். முதலில் இரண்டுமே ஒட்டும். இடம் நிறைந்த பிறகு, பிடி இறுக்கமான செம்பு வந்து நிக்கலைத் தள்ளிவிட்டு உட்காரும். தள்ளப்பட்ட நிக்கல், புதிதாக வரும் நிக்கலோடு சேர்ந்து வெளியேறும். அதனால்தான் 12.6. புதிதாக எதுவும் உண்டாகவில்லை, நாங்கள் பல மணி நேரம் சேர்த்து வைத்ததே திரும்பி வந்தது. நிக்கலைவிடச் செம்பு இறுகப் பிடிக்கும் என்பது வேதியியலாளர்கள் இர்விங்கும் வில்லியம்ஸும் 1953-லேயே எழுதிவைத்தது. மாணவர்களுக்கு நானே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தச் சில மணி நேரம் குழாயே இல்லாமல் விட்டிருந்தால்கூட, நிக்கலைப் பொறுத்தவரை தண்ணீர் இதைவிட நன்றாக இருந்திருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் செம்புக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம், நிக்கலுக்கோ 0.07. நாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது செம்பை.

அது சோதனைக் குழாய், வெளியே வந்தது கழிவுத் தொட்டிக்குப் போனது, யாரும் குடிக்கவில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனால் பெரிய அமைப்புக்கு அளவு போடுகிறவர், நான் ஓட்டை போட்ட கிராஃபை நம்பித்தானே போட்டிருப்பார்? மறுபக்கம், பொருந்தாத எண்ணைச் சந்தேகிக்காதே என்று யாருக்கும் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பாதி நேரம் அது பைப்பெட்தான்.

ஐந்து புள்ளிகளையும் அறிக்கையில் திரும்பச் சேர்த்தேன். அளவெடுத்தவரிடம், “நீங்க சொன்னதுதான் சரி” என்றேன்.

“நான் ஒண்ணும் சொல்லலையே சார். எண்ணைப் படிச்சேன், அவ்வளவுதான்.”

நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். ஐந்து எண்களும் கோட்டுக்கு அடியில் தெளிவாகத் தெரிகின்றன. ஐந்துக்கும் பக்கத்தில் இருப்பது அவருடைய ஒப்பம். என்னுடையதையும் போடலாம் என்று இரண்டு முறை அந்தப் பக்கத்தைத் திறந்தேன். போட்டால் இன்றைய தேதியில்தான் போட வேண்டும்.