உறைபனிக் காலையும் லிப்போ பேட்டரியும்

உதகையில் டிசம்பர், ஜனவரி விடியல்களில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும்போது, ரிமோட் விமானத்தைப் பறக்கவிடக் கிளம்பும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, பேட்டரி இரவு முழுவதும் எங்கே இருந்தது என்பதைத்தான். குளிரில் லித்தியம் பாலிமர் (லிப்போ) பேட்டரியின் உள்தடை கூடிவிடுவதால், முழுதாகச் சார்ஜ் செய்திருந்தாலும், வேகத்தைக் கூட்டியவுடன் மின்னழுத்தம் சட்டென்று சரிந்து விமானம் கீழே விழக்கூடும். ஆகவே வீட்டுக்குள் வெதுவெதுப்பாக வைத்திருந்து, பறக்கும் நேரத்தில்தான் வெளியே எடுக்கிறேன்.

குளிர்ந்த பேட்டரியைச் சார்ஜ் செய்வது இதைவிடக் கெடுதல். பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே மின்னேற்றினால், லித்தியம் கிராஃபைட் முனையின் மேல் உலோகமாகப் படிந்து, பின்னாளில் உள்ளேயே குறுக்குச்சுற்று நேர வழி செய்யும். வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது என்பதே என்னை அஞ்சவைக்கிறது. அதற்காகக் கணப்பின் அருகே வைத்துச் சூடேற்றவும் கூடாது.

பேட்டரிக்குள் இருக்கும் மின்கலமான செல் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. மழை வாரக்கணக்கில் நீடித்துப் பறக்கவிட முடியாதபோது செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுகிறேன். மரத்தரை போட்ட பழைய வீடுகள் இங்கே உண்டு. பேட்டரி தீப்பிடிக்கக்கூடும் என்பதால், அவற்றில் குடியிருப்போர் சிமென்ட் தளத்திலோ கல்லின் மேலோ வைத்து, கண்பார்வையிலேயே சார்ஜ் செய்ய வேண்டும்.

சென்ற ஆண்டு என் பேட்டரி ஒன்று உப்பியது. காற்றை வெளியேற்றலாம் என்று ஊசியோடு வந்த அக்காள் மகனைத் தடுத்து, அதை மணல் நிரப்பிய மண்பானையில் வைத்து முற்றத்தின் மூலைக்குக் கொண்டுபோனேன்.