தமிழ் பேசும் பாத்திரத்துக்கு வாயசைப்பு: நான் பழகிய விதம்

காரைக்குடியில் இருந்துகொண்டு பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் 2டி அனிமேஷன் பழகுகிறேன். பாத்திரத்தை நடக்க வைப்பதைவிடப் பேச வைப்பதுதான் எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது. இணையத்தில் கிடைப்பவை நல்ல பாடங்கள்தான், ஆனால் எல்லாமே ஆங்கிலம் பேசும் வாய்க்கானவை. நான் செய்ய நினைத்ததோ, எங்கள் அப்பத்தா கும்மாயம் என்ற உளுந்து இனிப்பைக் கிண்டும் பக்குவத்தை அவர் குரலிலேயே ஒரு சின்னப் படமாக. தமிழில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒலிப்பதிவு. செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) ஆத்தங்குடிக் கல் தரையும் உயரமான கூரையும் சேர்ந்து குரலை எதிரொலிக்கும், எந்த எழுத்து எங்கே தொடங்குகிறது என்று அலைவடிவத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் பாயும் தலையணையும் அடுக்கி வைத்திருக்கும் உள்ளறையில் அப்பத்தாவை உட்கார வைத்துப் பதிந்தேன், கூடவே போனில் வாயை மட்டும் நெருக்கமாக வீடியோ எடுத்தேன். "வாயை மட்டும் என்னத்துக்குப்பா புடிக்கிறே?" என்று கேட்டாலும், உளுந்து வறுப்பதில் இருந்து கருப்பட்டிப் பாகு, நெய் வரை நிதானமாகச் சொல்லி முடித்தார்.

அப்புறம் வாய்கள் வரைய வேண்டும். எத்தனை வடிவம் தேவை என்பதற்கு எனக்குக் கைகொடுத்தது, எழுத்தொலிகள் வாயில் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியல். அ, ஆ வாய் திறந்து பிறக்கும், உ ஊ ஒ ஓ ஔ இதழ் குவிந்து பிறக்கும், இ ஈ எ ஏ ஐ ஒரு கூட்டம், ப-வும் ம-வும் இரண்டு இதழும் சேர்ந்து, வ மட்டும் பல்லும் இதழும் சேர்ந்து. ஒரு அனிமேட்டருக்கு வேண்டிய பட்டியலே அதுதான்! இவற்றோடு பேசாமல் இருக்கும் வாய், பல் லேசாகத் தெரியும் பொது வாய் (க, ச, த மாதிரியான எழுத்துகளுக்கு), இவ்வளவுதான் வரைந்தேன். ழ, ள, ண மூன்றுக்கும் நாக்கு உள்ளே மடங்குகிறது, வெளியே ஒன்றும் தெரியாது, அதற்குத் தனி வாய் வேண்டாம்.

எழுத்தை வைத்து வாயைப் போடக்கூடாது, காதில் விழுவதை வைத்துத்தான் போட வேண்டும், இதைத்தான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வேன். வீடியோவை ஒவ்வொரு பிரேமாக (அதில் அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு படமாக) நகர்த்தினால் தெரியும், 'பணியாரம்' என்று பேச்சில் சொல்லும்போது கடைசி ம்-முக்கு உதடு ஒட்டுவதேயில்லை, லேசாகக் குவிந்து ஒலி மூக்கு வழியே போய்விடுகிறது, அடுத்த சொல் ப-விலோ ம-விலோ தொடங்கினால் மட்டும்தான் ஒட்டுகிறது. 'உளுந்து' என்பதில் முதல் உ நன்றாகக் குவியும், கடைசித் து குற்றியலுகரம், அங்கே உதடு குவியாமல் சும்மா தளர்ந்திருக்கும். 'கோபம்' மாதிரி நடுவில் தனியாக வரும் ப-வுக்கு உதடு பட்டும் படாமலும் போகிறது. ஆனால் 'அப்பத்தா', 'கும்மாயம்' என்று ப-வும் ம-வும் இரட்டித்து வரும் இடத்தில் உதடு இறுக்கமாக மூடி நிற்கும். அதை 4 பிரேம் வரை பிடித்து வைத்தேன், நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் அது ஆறில் ஒரு நொடி. இந்த மூடல்கள் சரியாக விழுந்துவிட்டால் நடுவில் இரண்டு மூன்று எழுத்தை விட்டுவிட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தாது, எல்லா எழுத்துக்கும் வாய் மாற்றினால்தான் படபடவென்று துடிக்கும்.

வாய்களை மாற்றுவதற்கு, பிளெண்டரில் கோடு வரையும் கிரீஸ் பென்சிலில், எந்தப் பிரேமின் படத்தைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் டைம் ஆஃப்செட் மாடிஃபையர் போதும். ஒரு பிரேமுக்கு ஒரு வாய் என வரைந்துவைத்து, எந்த இடத்தில் எந்த வாய் என்று பிரேம் எண்ணை மட்டும் கீ போட்டு (பதிந்து)க்கொண்டே போகலாம். பிளேபேக்கில் சிங்க் டு ஆடியோ (படம் ஒலியோடு சேர்ந்து ஓட), ஆடியோ ஸ்க்ரப்பிங் (பிரேமை நகர்த்தும்போதே ஒலி கேட்க) இரண்டையும் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். வாய் வடிவம் ஒலிக்கு ஒன்றிரண்டு பிரேம் முன்னால் வந்தால்தான் இயல்பாக இருக்கும். ஒலிப்பதிவைக் கொடுத்தால் வாய் வடிவங்களைத் தானாகக் குறித்துத் தரும் ருபார்ப் என்ற இலவசக் கருவியும் பயன்படுத்தினேன். அதன் வழக்கமான முறை ஆங்கிலத்துக்கானது, மற்ற மொழிகளுக்கு ஃபொனடிக் என்று இன்னொரு முறை இருக்கிறது. முதல் வரைவுக்கு அது சரி, மூடல்களை எல்லாம் பிறகு கையால்தான் நகர்த்தினேன்.

சரிபார்க்க ஒரு நல்ல வழி, ஒலியை அணைத்துவிட்டு வீட்டில் யாரிடமாவது ஓட்டிக் காட்டுவது. அத்தை பார்த்தவுடன் 'கும்மாயம்' என்று பிடித்துவிட்டார். அப்போது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

இப்போது செய்துகொண்டிருப்பது சிரித்துக்கொண்டே பேசும் இடங்கள். சிரிக்கும்போது உதட்டோரம் இழுபட்டு, அதே ஆ வேறு வடிவம் ஆகிறது, உ-வும் முழுசாகக் குவிவதில்லை. ஆகவே சிரித்த முகத்துக்கென்று தனியாக இன்னொரு தொகுதி வாய்கள் வரைகிறேன், அதில் ப, ம மூடல் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.